வலது இடுப்பில் புண்

காலையில் உடம்பு துடைக்கும்போதுதான் பார்த்தேன். காதர் மாமாவின் வலது இடுப்பு எலும்பின் மேல் தோல் கறுத்து, நடுவில் உரிந்து ஈரமாக இருந்தது. யா அல்லாஹ், துணியை வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

புற்றுநோய் வார்டில் நான் உதவியாளர். எட்டாம் வகுப்புதான் படிப்பு. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

மாமா மேலப்பாளையத்தில் தறி நெய்தவர். முதுகெலும்பில் கட்டி பரவி, தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாங்கள்தான் வலது, மல்லாக்க, இடது என்று மாற்றிப் படுக்க வைப்போம். அப்படியிருந்தும் புண்.

பகல் டூட்டிக்கு வந்த ஜெபா சிஸ்டர் குனிந்து புண்ணைப் பார்த்தார். "அடுத்த வாரம் கீமோ. இந்தப் புண்ணோட டாக்டர் எப்படிக் குடுப்பாரு? நைட்டுல யாரும் திருப்பலியா?"

வீட்டுக்குக் கிளம்பி நின்ற நைட் சிஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. "திருப்பாம இருப்பேனா? தலையணை முட்டுக் குடுத்துட்டுதான் போனேன்."

"நாந்தான் தூக்குனேன்" என்றான் வார்டு பாய் இசக்கி. "பகல்ல நீங்க என்ன செஞ்சியளோ."

பழியை ஒருத்தர் தலையில் ஒருத்தர் போட்டுவிட்டு, மாமாவை இடது பக்கம் திருப்பி வைத்தோம். கட்டுப்போடும் சாமான் எடுத்துத் திரும்பினால், அவர் மனைவி, நாங்கள் லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் செய்யதம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் போர்வையோடு வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன லாத்தா செய்யுதிய?"

"நீங்க இப்படிப் போட்டா மேற்க முதுகு காட்டிப் படுக்கணும்லா. இவுக விசனப்படுதாக. அதான் நீங்க போனதும் திருப்பிருவேன். நீங்க வாறதுக்கு முன்ன பழையபடி வச்சிருவேன்."

"வலிச்சா வலிக்கட்டும் தாயி" என்றார் மாமா. "இந்த நேரத்துல கிப்லாவுக்கு முதுகு காட்டலாமா?"

ஐந்து வேளையும் மக்கா இருக்கும் அந்த மேற்குத் திசை பார்த்துத் தொழுகிறவள் நான். புண் அங்கேயிருந்து வரும் என்று எப்படி நினைப்பேன்?

நைட் சிஸ்டர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கட்டிலயே திருப்பிட்டா? தலமாட்டத் தெக்க வச்சா, இடது பக்கம் படுத்தாலும் மேற்கதான பாப்பாரு?"

இசக்கி குனிந்து சக்கரத்தின் பூட்டை எடுத்தான்.

லாத்தா பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். நோயாளி இடது பக்கம் படுத்துத் தொழுதாலும் கூடும் என்று அவர் சொன்ன பிறகுதான் மாமாவைத் தொடவிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுக்காமல் தூக்கி வைத்தோம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, மாமாவின் உதடு அசைய ஆரம்பித்தது.

"இனி இழுக்காதிய லாத்தா. தோலு தாங்காது. மணிய அடிங்க, நாங்க வாறோம்" என்றார் ஜெபா சிஸ்டர்.

கீமோ தள்ளித்தான் போனது. புண் ஆறிய பிறகு கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது புதிதாக யார் படுத்தாலும் முதல் நாளே கேட்டுவிடுகிறோம்: "எந்தப் பக்கம் படுக்க மனசு ஒப்பாது?" நீங்களும் கேளுங்கள். போன மாதம் ஒரு அம்மா சொன்னார்: "வாசலுக்கு முதுகு காட்ட மாட்டேன். எம்மவன் வந்தா தெரியணும்லா."

அந்தக் கட்டிலையும் திருப்பிப் போட்டோம்.