தாமரைக் குளத்தில் ஒரு குளச்சல்காரன்

இன்று மனைவியோடு பெடல் போட்டில் குளத்தைச் சுற்றப் போனேன்.

போட்டுக்காரர் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டாள். நான் வாங்கவில்லை.

“குளச்சல் கடப்புறத்துல பொறந்தவனுக்கு இந்தக் குளத்துல எதுக்குட்டி ஜாக்கெட்டு?”

கடலுக்குப் போனது அப்பா, நான் போவது வங்கிக்கு என்பது வேறு விஷயம்.

“தாமரைப் பக்கம் மட்டும் போவாதீங்க” என்று போட்டுக்காரர் கத்தினார். நேராக அங்கேதான் விட்டேன். தண்டுகள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டன. அவிழ்க்கலாமென்று எழுந்து நின்றேன். போட்டு ஒருபக்கம் சாய்ந்தது. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள்.

“காப்பாத்துங்கோ!”

பூப்பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நடந்தே வந்தார்.

“எதுக்கு கெடந்து கூப்பாடு போடுதிய? எழும்பி நில்லுங்க. இடுப்பளவு வெள்ளந்தான் கெடக்கு.”

நின்றேன். இடுப்பளவுதான்.

“எந்த ஊரு மக்கா?”

இந்தக் கோலத்தில் குளச்சல் என்று எப்படிச் சொல்வது? “அருமனை” என்றேன்.

“அதான பாத்தேன். ரப்பர் பாலு வெட்டுத ஊர்க்காரனுக்கு போட்டு எதுக்கு?”

அருமனை என் மனைவியின் ஊர்.

வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரமாகிறது. இன்னும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

குளச்சலின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். இப்போது என்னைக் காப்பாற்ற யாராவது நடந்து வருகிறீர்களா?