இடது பக்கம் இழுக்கும் கார்

காரின் நடுவில் ஜாக்கி வைத்து ஏற்றியிருந்தேன். இடது கதவு திறந்து கிடந்தது. சாத்தலாம் என்று தள்ளினால் சாத்த முடியவில்லை. கீழ் மூலை சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றது. காரைத் தரையில் இறக்கினேன். அதே கதவு ஒரு விரலால் தள்ளியதும் போய்ப் பொருந்தியது. மறுபடி ஏற்றினேன். மறுபடி இடித்தது.

நல்ல உடம்புள்ள கார் அப்படிச் செய்யாது. தூக்கினாலும் இறக்கினாலும் கதவு சாத்தும் இடைவெளி மாறக் கூடாது. மாறுகிறது என்றால் வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள். நான் வாங்கி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

எனக்குத் தகடுதான் தொழில். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மின்சாரப் பெட்டிகளுக்குத் தகடு வெட்டி, மடித்து, பற்றவைத்துக் கொடுக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவிடமிருந்தோ கணவரிடமிருந்தோ வந்ததல்ல, நானே ஆரம்பித்தது. அதனால் அந்தக் கதவைப் பார்த்து நான் பயந்துவிடவில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் வந்தது, என்மீதே. வாங்கும்போது ஜாக்கி போட்டுப் பார்க்காமல், பச்சை வண்ணத்தையும் வட்ட விளக்குகளையும் பார்த்து மயங்கி நின்றிருந்தேன்.

மயங்கியதற்குக் காரணம் உண்டு. சேலையூரில் நாங்கள் இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அந்தக் கார் இருந்தது. இரண்டே இருக்கை, மேலே துணிக் கூரை, அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. நான் பள்ளிக்கு நடந்து போகையில் அது என்னைக் கடந்து போகும். ஓட்டுபவர் ஒரு பெரியவர். பக்கத்து இருக்கையில் சில நாள் அவருடைய மகன், சில நாள் மருமகள். எதிர்த்த கடையில் நின்று பார்ப்பேன். பின்னாளில் பெரியவர் போனார், மகனும் போனார். கார் கொட்டகைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது.

அந்த மருமகளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் ஆன்ட்டி. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு, கட்டி முடியும்வரை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போவதாக இருந்தார். கொட்டகையும் இடிபடப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே போய்க் கேட்டேன்.

"ஓடாதும்மா அது. எலி குடும்பம் நடத்துது உள்ளே," என்றார்.

"ஓட வைக்கிறது என் வேலை ஆன்ட்டி."

"அப்போ எடுத்துக்கோ. ஆனா ஒரு கண்டிஷன். ஓடுச்சுன்னா முதல்ல நான்தான் ஓட்டுவேன்."

சரி என்றேன். அப்படித்தான் வண்டி என் பட்டறைக்கு வந்தது.

கதவு இடித்ததும் முதலில் துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியில் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் சட்டென்று ஒட்டியது. இடது பக்கம் ஒட்டவே இல்லை. கையை எடுத்ததும் காந்தம் கீழே விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, பட்டி பூசி வைத்திருக்கிறார்கள். எங்கள் வெல்டர் கிரைண்டரை எடுத்தார். தொழிற்பேட்டையிலேயே பல வருடம் வேலை பார்த்தவர், என்னோடு முதல் நாளிலிருந்து இருப்பவர். பட்டி பொடிப்பொடியாகப் பறந்தது. உள்ளங்கை கனத்துக்கு இருந்தது. அதற்கடியில் துருப்பிடித்த ஒட்டுத் தகடு. அதையும் வெட்டி எடுத்தபோது உள்ளே பெட்டி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் கசங்கி மடிந்த இரும்பு, பாதி கரைந்துபோயிருந்தது.

"இன்னாக்கா இது? அடிபட்ட வண்டிக்கு மேக்கப் போட்டு வச்சிகீறானுங்க," என்றார்.

இந்த மாதிரி காருக்குத் தனியாகச் சேஸி என்று ஒரு அடிச்சட்டம் கிடையாது. உடம்புதான் சட்டம். கதவுக்கடியில் இரு பக்கமும் ஓடும் அந்தப் பெட்டிகள்தான் முதுகெலும்பு. அதில் ஒன்று போயே போய்விட்டது. பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இது முடிஞ்ச கேஸ். எஞ்சின், விளக்கு, ஸ்டியரிங் எல்லாம் தனித்தனியா கொடுத்துடுங்க. ஆளுங்க நான் பார்த்துத் தர்றேன்."

"தகடுதானே சார் போயிருக்கு? என்கிட்ட இருக்கிறதே தகடுதான்," என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "சனி ஞாயிறு உன்னை எங்கே தேடணும்னு இப்பவே சொல்லிடு" என்பதுதான்.

முதலில் தடிமனான இரும்பில் காரைத் தாங்க ஒரு கட்டில் மாதிரிச் சட்டம் செய்தோம். எங்கள் பட்டறைத் தரை சாக்கடைப் பக்கம் சரிவாக இருக்கும். மழைத் தண்ணீர் வடிவதற்காக நானே அப்படிப் போடச் சொன்னது. அதனால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து, சட்டத்தின் நான்கு மூலையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை கால்களுக்கடியில் தகடு சொருகினோம். பிறகு காரை அதன்மேல் ஏற்றி, முன்னாலும் பின்னாலும் சக்கர அமைப்பு பொருந்தும் இடங்களில் போல்ட் போட்டு இறுக்கினோம்.

வலது பக்கம் அடிபடாதது. அதன் அளவுகளை எல்லாம் எடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடது பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். இடது பக்கம் நீளத்தில் கட்டைவிரல் அகலம் குறைந்திருந்தது. முன்சக்கரம் பின்னால் வந்திருக்கிறது. அப்படியானால் முன்னாலிருந்து எதிலோ மோதியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். முன்னாலிருந்து வந்த அடியை முன்னால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். முன்பக்க போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, செயின் பிளாக்கை மாட்டி இழுத்தோம்.

வந்தது. அளவு சரியாக வந்தது. எங்கள் வெல்டர் விசிலடித்தார். சங்கிலியைத் தளர்த்தினோம். மெதுவாக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுத்துப் பார்த்தோம். இப்போது காலடித் தகட்டில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்த பல சனிக்கிழமைகள் அப்படியே போயின. சூடு காட்டி இழுத்தோம், கோணம் மாற்றி இழுத்தோம். இழுத்தால் வரும், விட்டால் போகும். முடியாது என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. அடி எப்படி விழுந்தது என்பதில் நான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். ஆனால் போகத் தயக்கம். வண்டியை மறைத்து மறைத்துப் பூசியிருந்த விதத்தைப் பார்த்தால், யாரோ வீட்டுக்குத் தெரியாமல் செய்த வேலை என்று தெளிவாகத் தெரிந்தது. அந்த யாரோ, ஆன்ட்டியின் கணவராகத்தான் இருக்க முடியும். அதுவும் அடி, ஆன்ட்டி உட்காரும் பக்கத்து இருக்கைப் பக்கம். இத்தனை வருடம் கழித்து, இல்லாத மனிதரைப் பற்றி அவர் மனைவியிடம் போய், உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு நாள் காலை நடந்தபடியே வார்த்தைகளைக் கோர்த்துப் பார்த்தேன். எப்படிக் கோர்த்தாலும் புகார் சொல்வதுபோலவே வந்தது.

கடைசியில் கோர்க்காமலே ராஜகீழ்ப்பாக்கம் போனேன். ஆன்ட்டி பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கிண்ணத்தைத் தள்ளினார். உரித்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி, கார்ல ஒரு பழைய அடி இருக்கு. பெரிய அடி. அங்கிள் உங்ககிட்ட சொல்லாம விட்டிருக்கலாம். அவர் நல்லதுக்குத்தான்…"

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம். கதவுக்குக் கீழே."

பட்டாணியைக் கீழே வைத்தார். முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து எழுந்தேவிட்டேன். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள் இல்லம்மா. நான்தான் இடிச்சேன்!"

கல்யாணமான புதிது. மாமனார் ஏதோ வேலையாகத் திருச்சி போயிருந்தார். காரை யாரும் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். அவர் ரயில் ஏறியதும் கணவர் சாவியை எடுத்து மனைவி கையில் கொடுத்திருக்கிறார், ஓட்டக் கற்றுக்கொள் என்று. முடிச்சூர்ப் பக்கம் அப்போது வயல்தான். சாலையில் ஈ காக்காய் இருக்காதாம். இரண்டாம் நாளே ஆன்ட்டிக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஒரு எருமை. அதுவும் சும்மா நின்னுட்டு இருந்துச்சு. அதுக்கு வழி விடலாம்னு இடது பக்கம் ஒடிச்சேன். அங்கே ஒரு மதகு, குட்டிச் சுவர் கட்டியிருந்தான். முன் சக்கரம் அதைத் தாண்டிடுச்சு. நடு வயிறு டங்குன்னு சுவர் மேல உட்கார்ந்துச்சு. தராசு மாதிரி ஆடிச்சும்மா! அவர் பக்கத்துல உட்கார்ந்து, 'பிரேக் கொஞ்சம் முன்னாடி போட்டிருக்கலாம்'னார். அவ்வளவுதான் சொன்னார்."

கணவர் பல்லாவரத்தில் யாரையோ பிடித்து, மாமனார் திரும்புவதற்குள் ஒட்டுப்போட்டு, பட்டி பூசி, பச்சை அடித்து நிறுத்திவிட்டாராம். மாமனார் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாராம்.

"அன்னிலேருந்து வண்டி இடது பக்கம் இழுக்கும். மாமா மாத்தாத டயர் இல்லை, திட்டாத டயர் கடைக்காரர் இல்லை. ஞாயித்துக்கிழமை சர்ச்ல நானும் அவரும் மாமா முகத்தைப் பார்க்க மாட்டோம்."

நானும் சிரித்தேன். ஆனால் என் மனம் மதகுச் சுவரில் நின்றுவிட்டது. "ஆன்ட்டி, முன்னாடி எதிலேயும் மோதலையா?"

"எதிலேயும் இல்லை. வயிறுதான்."

அடி முன்னாலிருந்து வரவில்லை. கீழிருந்து வந்திருக்கிறது. கார் நடுவில் மேலே மடிந்திருக்கிறது, பூனை முதுகைத் தூக்குவதுபோல. முதுகு உயர்ந்ததால்தான் நீளம் குறைந்தது. நான் அதன் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

உரித்த பட்டாணியைப் பையில் போட்டுக் கொடுத்தார். நேரே பட்டறைக்குப் போனேன். சொன்னதும் எங்கள் வெல்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"முதுவு புடிச்சிகினு கீறவனை கையைப் புடிச்சு இழுத்துகினு இருந்தோமாக்கா இம்மா நாளு?"

காருக்கு மேலே குறுக்காக ஒரு கனத்த உத்தரத்தைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினோம். கதவுப் பக்கம் தரைத் தகட்டின்மேல் மரக்கட்டை வைத்து, அதற்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஜாக்கியை நிறுத்தினோம். அதுவரை தூக்கவே பயன்பட்ட ஜாக்கி இப்போது கீழே அழுத்தியது. அவர் கைப்பிடியை அசைக்க, நான் அளவு நாடாவோடு தரையில் படுத்திருந்தேன். கொஞ்சம் அழுத்துவது, நிறுத்துவது, மடிப்புகளில் லேசாகத் தட்டுவது, அளப்பது. ஒரு கட்டத்தில் உள்ளே எங்கோ டொக்கென்று ஒரு சத்தம். இருவரும் அசையாமல் இருந்தோம். ஒன்றும் கிழியவில்லை. பழைய மடிப்பு ஒன்று விட்டுக்கொடுத்த சத்தம் அது. நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். நீளம் தானாகவே வந்திருந்தது; யாரும் முன்னால் இழுக்கவில்லை.

ஜாக்கியை எடுத்தோம். இந்த முறை திரும்பிப் போகவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எனக்குப் பழகிய வேலை. கெட்டுப்போன இரும்பு முழுவதையும் வெட்டி எடுத்தேன். புதிய பெட்டியை எங்கள் மடிக்கும் மெஷினிலேயே மடித்தேன், தினமும் மின்சாரப் பெட்டி மடிக்கும் அதே மெஷின். சூட்டில் மறுபடி கோணிவிடாமல் இருக்க, ஓரிடத்தில் விரலளவு பற்றவைத்துவிட்டு ஆறவிட்டு வேறிடத்துக்குப் போனோம். உள்ளே துரு ஏறாமல் மெழுகு கலந்த எண்ணெய் அடித்தோம். எஞ்சினைத் தனியாகப் பிரித்துச் சேர்த்தது வேறு கதை. அதில் ரகசியம் எதுவும் இல்லை, எலிக்கூடு மட்டும் இருந்தது. குன்றத்தூரில் வண்ணம் அடித்து வந்தபோது, உதட்டைப் பிதுக்கிய அந்தப் பழைய கார் மனிதர் வந்து, காந்தத்தோடு சுற்றி வந்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது. "யார் மேடம் டிங்கரிங்?" என்றார். "நாங்கதான்," என்றேன். அதற்குமேல் விளக்கவில்லை.

ஆன்ட்டி ஆட்டோவில் வந்து இறங்கினார். காட்டன் சேலை, கான்வாஸ் ஷூ, தலையில் ஸ்கார்ஃப். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். தொழிற்பேட்டைக்குள் ஒரு சுற்று நிதானமாக ஓட்டினார். எருமை ஏதும் வரவில்லை. பிறகு என்னைக் கேட்காமலே வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்பினார். சாலை காலியாக இருந்தது. மூன்றாவது கியருக்கு மாற்றினார்.

"கையை எடுக்கட்டுமா?"

"எடுங்க ஆன்ட்டி."

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் போரடிக்குது. முன்னெல்லாம் இதோட சண்டை போட்டுத்தான் ஓட்டணும்."

இப்போது சனிக்கிழமைகளில் அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறேன். சிக்னலில் நின்றால் பைக் ஓட்டுபவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், கால் டாக்ஸிக்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். துணிக் கூரை மழைக்கு ஒழுகுகிறது. அதைத் தைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எனக்குக் கிடைப்பதில்லை. காலை ஆராதனைக்கு ஆன்ட்டி எடுத்துப் போய்விடுகிறார். போன வாரம் மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை என்று போன் செய்தேன். மாமல்லபுரத்தில் இருப்பதாகவும், மீன் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும், அவசரம் என்றால் நான் ஸ்கூட்டரில் போய்க்கொள்ளலாம் என்றும் சொன்னார்.