நேராக இருந்த பித்தளை பிரிட்ஜ்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளைக் கட்டை வைத்திருக்கிறேன். பணி ஓய்வு பெற்றவன் மேசையில் பறக்கும்படி பெரிதாக எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். விரல் நீளம், மேல் விளிம்பில் ஆறு சிறு பள்ளங்கள், ஒரே நேர்கோட்டில். எலெக்ட்ரிக் கிதாரில் ஆறு கம்பிகளும் ஏறிக் கடக்கிற பிரிட்ஜ் அது. எந்தக் கிதாரிலும் அது இப்போது இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் அதைச் செய்தார். நான் தரச் சோதனைப் பிரிவு. அவர் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கம். வாரம் முழுவதும் இரும்பை அராவுவார். ஞாயிற்றுக்கிழமையானால் பூந்தமல்லி மெல்லிசைக் குழுவின் வேன் குடியிருப்பு வாசலில் ஹார்ன் அடிக்கும், கிதாரோடு ஓடுவார். அந்த ஹார்னுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவர் உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறேன்.

குழுவில் புதிதாக ஒரு கீபோர்டு வந்து சேர்ந்தபோது சிக்கல் தொடங்கியது. அவருடைய கிதாரில் இருந்தது தகர பிரிட்ஜ். கம்பியைத் தட்டிய உடனே ஒலி செத்துவிடும். கீபோர்டுக்குப் பக்கத்தில் அது ஈனமாகக் கேட்டது. கனமான பித்தளையில் மாற்றினால் நாதம் நின்று ஒலிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒரு துண்டுப் பித்தளையை முறைப்படி வெளியே கொண்டுவர யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் அவர் பாடி ஊரிலுள்ள ஒரு பழைய இரும்புக் கடைக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

பழைய தகரத்தில் கம்பிகள் அமரும் ஆறு முனைகளும் முன்னும் பின்னுமாகக் கோணிக் கிடந்தன. வேன் குலுக்கலில் கழன்றது என்று நாங்கள் இருவரும் ஒரு மனதாக முடிவு செய்தோம். கோணலைக் கண்டால் நேராக்குவதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம்? அவர் வரைபடம் போட்டு, அராவி, ஆறையும் நூல் பிடித்தாற்போல் அமைத்தார். கோணல் பார்க்கும் எஃகுப் பட்டையான நேர்விளிம்பை நான் அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இடையில் வெளிச்சம் நுழையவில்லை. மாட்டித் தட்டினார். ஒலி நீண்டு நின்றது பாருங்கள், பக்கத்து வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

ஒத்திகையில், விரல்கள் கிதாரின் கழுத்துப் பகுதியில் கீழிறங்கி உச்ச ஸ்வரங்களைத் தொட்டதும் சுருதி பிசகியது. குழுத் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினாராம். “இன்னா நைனா, சத்தம் சோக்கா கீது, சுதி எங்க போவுது? குமணன்சாவடி கச்சேரிக்குள்ள சரி பண்ணிக்கினு வா. இல்லாங்காட்டி ஒன் கிதாரு பிட்ட கீபோர்டே வாசிச்சிக்கும். அப்பால வேன் ஒன் வாசல்ல நிக்காது.”

அன்று மாலை தகரத்தைத் திரும்ப மாட்டி வாசித்தார். ஒலி செத்தது, சுருதி சேர்ந்தது. பிறகு பித்தளை. பிறகு மறுபடி தகரம். திடீரென்று வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்: “சார், அது கழண்டு போன கோணல் இல்ல. வேணும்னே வச்ச கோணல்லா!”

தடித்த கம்பிக்கு நீளம் சற்றுக் கூட வேண்டும், மெல்லியதற்குக் குறைய. அதற்கான கோணல். வேறொரு பித்தளையில், ஒவ்வொரு கம்பியாக வாசித்துக் கேட்டுக் கேட்டு அராவினார். வாழ்நாளெல்லாம் நேர்கோட்டைத் தேடிய மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு கோணலாகச் செய்தார். சோதித்துப் பார்க்கச் சொன்னார். வரைபடம் இல்லாத பொருளைச் சோதிக்க விதியில்லை என்றேன்.

“அப்பம் கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.”

கேட்டேன். குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்கு அது பழக்கமில்லாத நிலைமை.

குமணன்சாவடி கோவில் திடலில் நானும் போய் நின்றேன். உச்ச ஸ்வரங்கள் வந்த இடத்தில் தலைவர் திரும்பிப் பார்த்தார். பாராட்டவில்லை, கீபோர்டுக்காரரிடம் சற்று அடக்கி வாசிக்கும்படி மட்டும் சைகை காட்டினார். அடுத்த ஞாயிறு காலையிலிருந்து, வேன் வருமா என்று எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மதியம் வாசலில் ஹார்ன் கேட்டது. கிதாரோடு ஓடியவர் பாதி வழியில் திரும்பி வந்து, இந்தக் கட்டையை என் கையில் திணித்தார்.

“இது ஒங்க சோதனையில பாசானது சார். நீங்களே வச்சுக்கிடுங்க.”

இன்று காலை, வேறு வேலை இல்லாததால், நேர்விளிம்பை மறுபடி வைத்துப் பார்த்தேன். இன்னும் வெளிச்சம் நுழையவில்லை.