கோ முத்து வா

இந்த இரங்கூனில் 'வா' என்றால் யாரும் யாரையும் கூப்பிடவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. பசுந்தாங்கில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே டோ மியா என்ற பர்மியப் பெண்மணி காலையில் மொஹிங்கா விற்கிறார். அரிசிச் சேமியாவில் மீன் குழம்பு ஊற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் அவர் 'வா, வா' என்பது கேட்டுப் பாதிச் சவரத்தோடு இறங்கி ஓடியிருக்கிறேன். அவர் பேசிக்கொண்டிருந்தது பௌத்தர்களின் விரத காலத்தைப் பற்றி. மழை மூன்று மாதமும் அவர்களுடைய பொங்கிகள், அதாவது துறவிகள், மடத்தை விட்டு வேறெங்கும் போய்த் தங்கக் கூடாது. அந்தக் காலத்துக்குப் பெயர் வா. நமக்கு வரச் சொல்லும் சொல் இவர்களுக்கு இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்கிறது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற எனக்கு இது நெடுநாள் விளையாட்டாக இருந்தது.

என் ஊர் பாளையங்கோட்டையில் கோடை என்றால் எங்கள் வேதக்கோயில் நிரம்பும். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் லீவில் வந்து பாயில் இடம் பிடிப்பார்கள். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், அங்கே மிச்சம் இருப்பது யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இங்கே வந்த பிறகுதான் அந்த மிச்சம் நான் என்று தெரிந்தது. ஆலைகளில் நெல் வேலை ஓய்ந்தால் ஆட்கள் கப்பலேறுகிறார்கள். குமாஸ்தாக்கள் குடும்பத்தோடு போகிறார்கள். வெள்ளைக்காரப் பாதிரியார் மேமியோ மலைக்குப் போகிறார். இந்த வருஷம் அவர் சாவியை என்னிடம் தந்து, வேதாகமத்தில் கற்ற தமிழில் சொன்னார்: "ஞானமுத்து, பத்துப் பேர் கூடாவிட்டால் ஆராதனை வேண்டாம். கதவைச் சாத்தும். தெலுங்கு சபையார் அந்த வேளையைக் கேட்கிறார்கள்." போன வேளை திரும்பி வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் ஞாயிறு எட்டுப் பேர். அடுத்த ஞாயிறு என்னையும் சேர்த்து ஆறு. கண்டும் காணாமல் ஆராதனையை நடத்தினேன். இதற்கிடையில் நான்கு வருஷத்தில் முதல்முறையாக எனக்கும் லீவு கிடைத்திருந்தது. ஊருக்கு வரச் சொல்லி அண்ணன் கடிதம் எழுதியிருந்தான். மூன்றாவது ஞாயிறோடு கதவைச் சாத்திவிட்டுக் கப்பலேறுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை டோ மியா பர்மிய மொழியில் கேட்டார். பகோடா, கோயில், சாமி எல்லாம் அவர்களுக்குப் பயாதான். "உங்க பயால பொங்கி இல்லே?"

"மலைக்குப் போயிட்டார். இது எங்களுக்கு லெந்து காலம். உங்க வா மாதிரி, நாப்பது நாள் விரதம்."

அவர் கையில் அகப்பை நின்றது. "வா நேரத்துல பொங்கி மலைக்குப் போறது?"

பாதிரியார் மானத்தைக் காப்பாற்ற, "அதான் நான் இருக்கேனே" என்று சொல்லிவிட்டேன். என் பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டு, "அப்ப கோ முத்து வா" என்றார். கோ என்றால் நம் அண்ணன் மாதிரி; முத்து விரதமிருந்து இடத்தை விட்டு நகர மாட்டார் என்று அர்த்தம். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கோயிலில் ஐந்து பேர். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஆலைத் தமிழாட்கள் ஒன்பது பேர் மூச்சிரைக்க வந்தார்கள். இரண்டு பேர் நெற்றியில் திருநீறு.

"என்னண்ணே அவசரம்? 'கோ முத்து வா, பயா வா'ன்னு டோ மியா நேத்துலேருந்து சாப்பிட வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுதே. நீங்க கோயிலுக்குக் கூப்பிட்டீங்கன்னு ஓடியாந்தோம்."

நான் சிரிக்கவில்லை. "ஆமாப்பா, கூப்பிட்டேன். உக்காருங்க" என்றேன். திருநீற்றுக்காரர்கள்தான் கீர்த்தனைக்கு நன்றாகத் தாளம் போட்டார்கள். ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் தயங்கி நின்றார்கள். சாயர்புரம் பக்கத்துக்காரர்கள், குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

"ரெண்டு வருசமா இந்த வழியாத்தான் வேலைக்குப் போறோம்ணே" என்றான் ஒருவன். "கால்சட்டை போட்டவங்க கோயிலு. நாங்க வரலாமான்னு தெரியலே. யாரும் கூப்பிடலே."

நான்கு வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து வசனம் வாசித்தவன் நான். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரமும் கோயில் உண்டு என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை பெட்டியை அவிழ்த்தேன்.

அண்ணனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அவன் கடிதத்தின் அடியில் பெரிதாக ஒரே ஒரு எழுத்துப் போட்டிருக்கிறான். டோ மியா அது என்னவென்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"பாருங்க கோ முத்து" என்றார், கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி. "உங்க அண்ணனும் அங்கேயே இருன்னு சொல்றார்."