விகாரையில் கொட்டிய ஏலக்காய்

கலைப்பொருளைக் கடித்தால் ஆயுள் தண்டனை நிச்சயம் என்று, கண்டிப் பக்கம் ஒரு பழைய புத்த விகாரைக்குள் நின்றபோது நான் மனதார நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன், பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நானும் மனைவியும் இலங்கைக்குச் சுற்றுலா போயிருந்தோம். அந்த விகாரையில் இன்றைய ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளை வைத்து, ஆள் போட்டுச் சுற்றிக் காட்டினார்கள். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி மலைத்தோட்டத்துத் தமிழ்ப்பெண். "இந்த மாசந்தான் சேர்ந்தேன் அம்மா, இன்னும் நிரந்தரம் ஆக்கல்ல" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள். சுவரில் நிறம் உதிர்ந்த புத்தர். அவர் காலடியில் கண்ணாடித் துண்டுகளும் கம்பிகளும். அவள் விளக்க விளக்க, எனக்கே ஏதோ புரிகிற மாதிரி இருந்தது.

உள்மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்து, வரிசையாகப் பித்தளைத் தட்டுகள். தட்டு நிறைய ஏலக்காய். பெயர் தெரியாமல் போன தோட்டத்துப் பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு தட்டு என்றாள் வழிகாட்டி.

எங்கள் ஊரில் காயை ஏலம் விடும் கூடத்தில் மாதிரித் தட்டு வந்தால் ஒரு கை அள்ளுவோம், உருட்டிப் பார்ப்போம், ஒன்றைக் கடிப்போம், மிச்சத்தைத் தரையில் கொட்டிவிடுவோம். கைபட்டதைத் தட்டில் திருப்பிப் போடுகிற வழக்கம் இல்லை. சாயங்காலம் தரையே பச்சையாகக் கிடக்கும். என் கை அங்கேயும் அதைத்தான் செய்தது. கல் தரையில் காய்கள் சடசடவென்று விழுந்த பிறகுதான் நான் இருப்பது போடி இல்லை என்று உறைத்தது.

"ஏங்க! கையை வச்சுக்கிட்டுச் செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீகளா?" என்றாள் மனைவி. கடித்த காய் இன்னும் என் வாயில் இருந்தது. விகாரையில் துப்பவும் பயம். தோலோடு விழுங்கினேன்.

சத்தம் கேட்டுக் கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தார். வழிகாட்டிப் பெண் அவரிடம் சிங்களத்தில் நெடுநேரம் பேசினாள். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. எல்லாமே ஜெயில் என்றுதான் கேட்டது. மச்சினன் ஜாமீன் எடுக்க வருவானா, கடைச் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வானா என்றுகூட யோசித்துவிட்டேன். பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் ஏந்தி, கோயிலில் தேங்காய், பழம் கொடுப்பதுபோல் அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

"அத உள்ள வைங்க ஐயா. முதல்ல பொறுக்குவோம்" என்று அவள் மண்டியிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். "காய் எப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நல்ல காய், தங்கச்சி."

"எங்க மலைக் காய்" என்று சிரித்தாள்.

எங்களோடு உள்ளே வந்திருந்த வேன் டிரைவர் திரும்பும் வழியில்தான் சொன்னார்: "தொட வேணாம்னு சொல்ல மறந்துட்டேன், பிழை என்னுடையதுன்னு அந்தப் பிள்ளை பொறுப்பாளர்கிட்ட சொல்லிச்சு." அவள் மறக்கவில்லை, வாசலில் சொன்னாளாம். நான்தான் செருப்பை எங்கே விடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். தெரியாத ஊரில், தெரியாத ஒருத்தி, நிலைக்காத வேலையை எனக்காகப் பணயம் வைத்திருக்கிறாள்.

"அண்ணே, வண்டியை வெரசாத் திருப்புங்க" என்றேன்.

தப்பு என்னுடையது என்று பொறுப்பாளரிடம் டிரைவர் மூலம் சொன்னேன். வாசலில் அவள் எச்சரித்தது தனக்கும் கேட்டது என்றார் அவர். அவள் வேலை போகவில்லை. நான் விழுங்கிய ஒரு காய் தவிர, மற்றதெல்லாம் தட்டில் இருந்தது.