கவிநிலா ஓட்டிய வேன்

பலராமனுக்கு நாற்பத்தெட்டு வயது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலையில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்கு மஞ்சள் வேன் ஓட்டுகிறார். தொப்பையும் பெரிய மீசையும் காக்கிச் சட்டையுமாக இருக்கிற அவரைப் பார்த்தால் ஏழு காதல் நாவல் எழுதியவர் என்று யாருக்கும் தோன்றாது. அதிலும் ‘கவிநிலா’ என்ற பெயரில் எழுதியவர் என்றால் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அவருக்கு வேலை கிடையாது. மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள், தூங்கினார்கள். பலராமன் செல்போனில் கதை படித்தார். படித்துப் படித்து, இதை நாமே எழுதலாமே என்று ஒருநாள் எழுதியும் போட்டார். சொந்தப் பெயரில் வந்த முதல் கதைக்குப் பதினோரு வாசிப்பு என்று செல்போன் காட்டியது. அதில் நான்கு தடவை படித்தது அவரேதான். அதே கதையைக் கவிநிலா என்று பெயர் மாற்றிப் போட்டதும் ஒரே வாரத்தில் ஆயிரம் பேர் படித்து, ‘அருமை சகோதரி’ என்று ரோஜாப்பூ படமும் போட்டார்கள். அன்றிலிருந்து பலராமன் கதையுலகில் சகோதரி ஆகிவிட்டார்.

மனைவி ரேவதிக்கு விஷயம் தெரியும், ஆனால் படிக்க மாட்டாள். “கண்ணீரு, சண்டை எல்லாம் வீட்லயே ஜாஸ்தியா கெடக்குது. செல்லுல வேறயா?” என்பாள்.

விரல்கள் தடிமனானவை என்பதால் பலராமன் எழுதுவதெல்லாம் வாயால்தான். பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில், வேங்கிக்காலில் சாலையோரப் புங்க மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு அவர் சொல்லச் சொல்ல, செல்போன் எழுதிக்கொள்ளும். வெயில் தாங்காமல் கண்ணாடியை இறக்கினால்தான் வம்பு. ஒருமுறை, ‘அரவிந்த் அவள் காதருகே குனிந்து மெல்லச் சொன்னான், போளூர் வேலூர் ஏறு ஏறு’ என்று பதிவாகிவிட்டது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் குரல் அது. கவனிக்காமல் அப்படியே வெளியிட்டார். கதாநாயகன் அவளை வேலூருக்கு அழைத்துப் போய்க் கல்யாணம் செய்யப்போகிறான் என்று ஊகித்து வாசகர்கள் வாழ்த்து அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பேரையும் வேலூருக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த எழுத்து, இரண்டு வருடத்துக்கு முன் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் கெட்டது. பிளஸ் ஒன் படிக்கும் ஆர்த்தி தேர்வை முடித்துக்கொண்டு மத்தியானமே வந்து, வேனின் கடைசி சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்த பலராமன் அவளைக் கவனிக்கவில்லை.

“அவள் நாணத்தால் தலை குனிந்தாள்,” என்றார் செல்போனைப் பார்த்து. “அவள் கன்னம்…” கொஞ்சம் யோசித்தார். “அவள் கன்னம் ரோஜாவாய்…”

“தக்காளினு போடுங்கண்ணா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பலராமன் அலறிய அலறலும் கதையில் பதிவானது.

ஆர்த்தி சிரிக்கவில்லை. கவிநிலாவின் ஏழு நாவல்களையும் அந்த விடுமுறையிலேயே படித்து முடித்தாள். பள்ளி திறந்த அன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அண்ணா, ஏழும் படிச்சிட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லாத பாப்பா.”

“சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கணும். ஒரு கதையில கூட எங்க வயசுல யாருமே இல்லியே, ஏன்?”

“ஏன் இல்லாம? மூணாவது கதையில ஹீரோவோட தங்கச்சி வரா இல்ல?”

“வரா. நாலு தடவ காபி கொண்டாந்து வைக்கறா. ஒரு தடவ கூட யாரும் அவள உக்காருனு சொல்லல.”

பலராமன் கியரை மாற்றினார். “அஞ்சாவதுல ஒரு பையன் வரானே.”

“அவன் ரெண்டாவது பக்கத்துலயே ஏரியில வுழுந்து செத்துட்டான். அவங்க அக்கா அழணும்னே சாவடிச்சிட்டீங்க.”

அன்று சாயங்காலம் வேனைக் கழுவும்போதும் பலராமனுக்கு அதே நினைப்பு. தினமும் இருபத்திரண்டு பேரை ஏற்றி இறக்குகிறோம், அதில் ஒருவர் கூட நம் கதைக்குள் ஏறவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் மரத்தடியில் அரவிந்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார்.

‘சொல்லல’ என்று ஆர்த்தி சொன்னது இரண்டு ஸ்டாப்வரைதான் தாங்கியது. அடுத்த வாரத்துக்குள் வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பலராமன் ஓட்ட, ஆர்த்தி அவருடைய செல்போனை வாங்கிச் சத்தமாகப் படிப்பது என்று ஏற்பாடானது. முதல் அத்தியாயத்தில் பதினாறு வயதுக் கதாநாயகி காலை நான்கு மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, அம்மாவுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்து, மரக்கன்று நட்டு, மாவட்டத்தில் முதல் மதிப்பெண்ணும் வாங்கினாள்.

“இவ நம்ம வேன்ல வந்தா நான் சைக்கிள்லயே போயிடுவேன்,” என்றான் ஆர்த்தியின் வகுப்பில் படிக்கும் விமல்ராஜ். வேன் கைதட்டியது.

பலராமனுக்குக் கோபம் வந்தது. ரோஜாப்பூவுக்குப் பழகிய மனசு. ஆனாலும் விடவில்லை. இரண்டாவது முயற்சியில் எல்லாரும் வரிக்கு வரி ‘செம’, ‘வேற லெவல்’ என்று பேசினார்கள்.

“அண்ணா, நாங்க இப்படியா பேசறோம்?” என்று முகத்தைச் சுளித்தாள் ஆர்த்தி. “எங்கப்பா என் யூனிஃபார்மப் போட்டுக்கினு கடைக்குப் போன மாதிரி இருக்குது.”

இப்படி நான்கு முயற்சிகள் கவிழ்ந்தன. இதற்கிடையில் செல்போன் வாசகிகள் வேறு, ‘சகோதரி, அரவிந்த் எங்கே? உடம்பு சரியில்லையா?’ என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். விட்டுவிட்டு அரவிந்திடமே போய்விடலாம் என்றுதான் பலராமன் நினைத்தார். ஆனால் அந்தப் பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை மாற்றிவிட, அவருடைய வேன் பஸ்களுக்கு நடுவில் மாட்டி ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றது. பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டிய நேரம். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சொந்தப் பதினாறாவது வயது ஞாபகம் வந்துவிட்டது. செல்போனை எடுத்தார். ஒரு இடத்திலும் நின்று யோசிக்காமல் சொல்லி முடித்தார்.

மறுநாள் காலை ஆர்த்தி படித்தாள். கதை இதுதான். ஒரு பையன் காலாண்டில் மூன்று பாடத்தில் ஃபெயில். ராங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு வாத்தியாரிடம் மாட்டிக்கொள்கிறான். அப்பாவை அழைத்து வா என்கிறார் வாத்தியார். கார்த்திகை தீபத்தன்று காலை, ராங்க் கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு ஓடிப்போகிறான். ரயில் நிலையத்தில் உட்கார்ந்து, வந்த ரயில் எதிலும் ஏற தைரியம் இல்லாமல், மறுநாள் சாயங்காலம் பசியோடு வீட்டுக்குத் திரும்புகிறான். தன்னைத் தேடி ஊரே அல்லாடியிருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறான். வீட்டில் யாரும் அவனைத் தேடவே இல்லை. தீபம் பார்க்கப் போயிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். அம்மா சோறு போட்டு, “கூட்டம் ஜாஸ்தியாடா?” என்று மட்டும் கேட்கிறாள். “ஜாஸ்திதான்” என்கிறான். மறுநாள் ராங்க் கார்டை நீட்டினால், அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. “எங்க போடணும்?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்.

ஆர்த்தி படித்து முடித்ததும் விமல்ராஜ் டிரைவர் சீட்டுப் பக்கம் எக்கினான்.

“இது நெஜமாண்ணா?” என்று கேட்டான் விமல்ராஜ்.

“நெஜந்தான்.”

“அப்ப போன் இல்லியா? எப்படித் தேடுவாங்க?”

“தேடவே இல்லடா. அதான கதை.”

பலராமன் இதை ரேவதியிடம்கூடச் சொன்னதில்லை. இருபத்திரண்டு பேரிடம் சொல்லிவிட்டோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியவில்லை.

“ஒரு எழுத்துகூட மாத்தாதீங்கண்ணா,” என்றாள் ஆர்த்தி. செல்போனை மறுபடி பார்த்தாள். “கடைசியில ‘ஆகவே மாணவச் செல்வங்களே’னு ஒரு பத்தி இருக்குதே, அத மட்டும் எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டார்.

கதை வாராவாரம் வளர்ந்தது. அந்தப் பையன் விழுப்புரத்தில் கழித்த இரண்டு நாளை வைத்தே பலராமன் பத்து அத்தியாயம் சொன்னார். எட்டாவது அத்தியாயத்தில் புகார் வந்தது. விமல்ராஜின் அப்பா சக்கரவர்த்தி, கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர், மகனின் செல்போனில் கதையைப் பார்த்து, எழுதியது வேன் டிரைவர் என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு நேராகப் பள்ளி முதல்வர் அறைக்கு வந்துவிட்டார். பலராமனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“வேன் ஓட்டச் சொன்னா, இந்தாளு பசங்களுக்கு வூட்ட வுட்டு ஓடறதுக்கு வழி சொல்லிக் குடுக்கறாரு மேடம்! எந்த பஸ்ஸு, எந்த பிளாட்பாரம், எல்லாம் இருக்குது!”

முதல்வர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் படித்தார். “பையன் கடைசியில திருந்தறானா?”

“திருந்தறதுக்கு என்னா மேடம் இருக்குது? பசிச்சுது, வந்துட்டான்,” என்றார் பலராமன்.

“அதெல்லாம் வுடுங்க,” என்று குறுக்கிட்டார் சக்கரவர்த்தி. “ரெண்டு நாளா புள்ளயக் காணோம், பெத்தவங்களுக்கே தெரியலியாம். இது நடக்கற கதையா?”

“எனக்கு நடந்துது சார்.”

முதல்வர் அம்மா புகாரை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். “விமல்ராஜ் எந்த கிளாஸ் சார்?”

“டென்த்து பி.”

முதல்வர் அம்மா பேனாவை மூடினார். “பிளஸ் ஒன் சார். ஜூன்லயே மாறிட்டான்.”

சக்கரவர்த்தி மெதுவாக எழுந்து, “கடையில ஆளு இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார். பலராமனுக்கு வெற்றி பெற்ற மாதிரியே இல்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அதன் பலன் மறுநாள் தெரிந்தது. காலை ஏழரைக்குப் பலராமனின் செல்போன் அடித்தது. “விமலு ஏறிட்டானா?” என்றார் சக்கரவர்த்தி. எட்டேகாலுக்கு, “எறங்கிட்டானா?” மத்தியானம், “சாப்ட்டானா, கம்மியா சாப்பிடறானா?” அவர் மற்ற அப்பாக்களிடமும் கதையைப் பற்றிச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. வாரக் கடைசிக்குள் பதினாலு வீட்டிலிருந்து இதே கேள்விகள் வந்தன. கதை சொல்ல வாயைத் திறந்தால் போன் அடித்தது.

“உங்களாலதாண்ணா,” என்று பொருமினான் விமல்ராஜ். “எங்கப்பா டெய்லி என்னை உக்கார வெச்சு, ‘ஸ்கூல்ல இன்னா நடந்துது’னு கேக்கறாரு. நான் எவ்வளவுன்னு சொல்றது?” குறைதான் சொன்னான். ஆனால் தினமும் சொன்னான்.

அந்தக் கதை புத்தகமாக வந்தது. சின்னப் பதிப்பகம், அட்டையில் கவிநிலா என்றே பெயர். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளியின் வாசகர் வட்டத்திலிருந்து ஆசிரியை திரௌபதி கடிதம் போட்டுக் கூட்டத்துக்கு அழைத்தார். பலராமன் மத்தியான நேரம் பார்த்து வேனிலேயே போய் இறங்கினார். வாசலில் மாணவிகள் சந்தனம், குங்குமத் தட்டோடு நின்றார்கள்.

“வாங்க அண்ணா. அம்மா வேன்லயே இருக்காங்களா?” என்று திரௌபதி டீச்சர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“நான்தாங்க அம்மா,” என்றார் பலராமன்.

விளங்க வைக்க ஐந்து நிமிடம் ஆனது. பொன்னாடைக்குப் பதிலாக ஒரு நல்ல பட்டுக்கரைப் புடவை வாங்கி வைத்திருந்தார்கள். மாற்றி வாங்க நேரமில்லை. அதையே மடித்து அவர் தோளில் போர்த்தினார்கள். மயில் கழுத்துப் பச்சை. மீசைக்கு எடுப்பாகவே இருந்தது என்று பிறகு பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

கேள்வி நேரத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், பெரியவங்களுக்குத்தான் நெறைய பேர் படிக்கறாங்க. நீங்க ஏன் எங்க வயசுக்காரங்களுக்கு எழுதறீங்க?”

பலராமன் இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்து வந்திருந்தார். சமுதாயம், பொறுப்பு, வருங்காலத் தூண்கள் என்று இரண்டு பக்கம். புடவை போர்த்தியதில் அந்தக் காகிதம் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டது, எடுக்க முடியவில்லை.

“பெரியவங்களுக்கு எழுதுனப்ப, நான் பொய் எழுதுனாலும் பூ போட்டாங்கம்மா,” என்றார். “பஸ் கண்டக்டர் பேசுனதுக்கே வாழ்த்து வந்துது. உங்க வயசுப் பசங்ககிட்ட ஒரு வரி பொய் எழுத முடியல. உடனே புடிச்சிடறாங்க. புடிக்கறவங்ககிட்டதான் நெஜத்தச் சொல்லணும்னு தோணுது. முப்பது வருசமா யார்கிட்டயும் சொல்லாததக்கூடச் சொல்லிட்டேன்.” நிறுத்தினார். பிறகு உள்ளதை ஒளிப்பானேன் என்று சேர்த்துக்கொண்டார். “அதுவும் இல்லாம, வண்டி ஓடும்போது கதை புடிக்கலைன்னாலும் அவங்க எறங்கிப் போவ முடியாது.”

அரங்கம் சிரித்து அடங்குவதற்குள், நாலு மணி ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று புடவையோடு ஓடினார்.

ஆர்த்தி இப்போது வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். விமல்ராஜ் சென்னைக்குப் போய்விட்டான். வேனில் புதுப் பிள்ளைகள். பலராமன் அடுத்த கதையின் ஆறாவது அத்தியாயத்தில் இருக்கிறார். முன் ஐந்தையும் அவர்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியதில், ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

ரேவதி போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, “எங்க எடுத்தீங்க?” என்று கேட்டாள்.

“நான் எடுக்கலீங்க,” என்றாள் ரேவதி. “எங்க வூட்டுக்காரருக்கு ஸ்கூல்ல போத்தி அனுப்புனாங்க.”