சம்பளம் வாங்கிய கை

கிரிக்கெட்டில் நடுவர்கள் என்னைத் துரத்தினார்கள். முழங்கையை மடக்கி எறிகிறேனாம். பேஸ்போல் விளையாட்டிலோ எறிவதற்குத்தான் சம்பளமே. அப்படித்தான் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து போன நான், கொழும்பில் ஓர் அணிக்கு ஏழு வருடம் பந்தெறிந்து பிழைத்தேன். எங்கள் தோட்டத்தில் அந்த விளையாட்டு யாருக்கும் விளங்காது. "விக்கெட்டே இல்லாம என்னடா வெளையாட்டு?" என்பார்கள். ஆனாலும் என் கையைப் பற்றிப் பெருமையடிப்பதில் ஒருவரும் குறை வைத்ததில்லை.

போன வருடம் தோள் போய்விட்டது. இனி எறியவே கூடாது என்றார் டாக்டர். அணியும் கைகழுவிவிட்டது. வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். அவள் கொழுந்து பறிக்கிற மலையில் எல்லோரிடமும், "அடுத்த சீசனுக்குப் போயிருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. எட்டு மாதம் ஊமையாக இருந்தேன். கோழை என்றால் கோழைதான்.

மாரியம்மன் திருவிழா வந்தது. தேர் புறப்படும் முன் சிதறு தேங்காய் உடைக்க வேண்டும். முதல் தேங்காய் சிதறாவிட்டால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். கோயில் தலைவர் அதை என் கையில் திணித்தார்.

"தம்பி, சம்பளம் வாங்கி எறிஞ்ச கை இருக்கிறப்ப வேற யாரு போடுறது?"

தப்பு மேளம் நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தூக்கினேன். கை தோளுக்கு மேல் போகவில்லை. இன்னொரு முறை முயன்றேன். வலியில் கண் கலங்கிவிட்டது. யாரோ சிரித்தார்கள்.

என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தேங்காயை வாங்கினாள்.

"பொம்பள போடுறதா?" என்று முறைத்தார் தலைவர்.

"எங்க வீட்டுக்குக் குடுத்த தேங்காதானேங்க" என்றவள், தலைக்கு மேல் தூக்கி ஓங்கிப் போட்டாள். சுக்குநூறாகச் சிதறியது. தப்பு மறுபடி முழங்க, கூட்டம் தேங்காய்ச் சில்லுப் பொறுக்கப் பாய்ந்தது.

அவளை ஓரமாக அழைத்துப்போய், "கை முடிஞ்சுபோச்சு. இனிமே போக மாட்டேன்" என்றேன்.

"நீங்க வந்த மொத வாரமே தெரியும்."

"பொறகு ஏன் எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்ன?"

"உங்கள யாரும் எளக்காரமாப் பேசக் கூடாதுன்னுதான்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "ஏழு வருசமா நல்லது கெட்டதுக்கெல்லாம் நான் தனியாத்தான் நின்னேன். கை போனதுல எனக்குக் கொஞ்சம் சந்தோசம்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

கோபம் வரத்தான் செய்தது. அழுகையும் கூடவே வந்தது. வீடு வரைக்கும் அவள் கையை நான் விடவில்லை.